மற்றபடி இயல்பு

சீட்டில் எழுதியிருந்தது:
வண்டியிலிருந்து விழுந்தார். இடது பக்க வலி. விலா?
அந்தக் கேள்விக்குறியைப் பிடித்துக்கொண்டுதான்
நான் படத்துக்குள் இறங்கினேன்.

ஆறாவது விலா, இடது, பக்கவாட்டில்
மயிரிழை போல ஒரு முறிவு.
இலேசில் தட்டுப்படாதது.
எனக்குத் தட்டுப்பட்டது.

அன்றைக்கு அது எழுபத்திரண்டாவது படம்.
கரண்ட் போய் வந்து, ஜெனரேட்டர் இருமி ஓய்ந்திருந்தது.
கீழே பந்தலடியில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ
வாழைமரம் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
"மற்றபடி இயல்பு" என்றேன்.
நஸ்ரின் தட்டச்சு செய்தாள்.
அந்த இரண்டு சொல்லையும்
ஒரே விசையில் அவள் சேமித்து வைத்திருக்கிறாள்.

பதினான்கு மாதம் கழித்துப்
பக்கிரிசாமி திரும்ப வந்தார்.
மூணாறு தலைப்பில் ஷட்டர் ஏற்றி இறக்கும் லஸ்கர்.
இருமல்.
சட்டைக் காலர் கழுத்தைத் தொடவில்லை.
சி.டி.யில் அது
மறைந்துகொள்ள எந்த முயற்சியும் செய்யவில்லை.

பழைய படத்தைத் திறந்தேன்.

இருந்தது.
வலது காறையெலும்புக்குப் பின்னால்
முதல் விலா குறுக்கே கடக்கும் இடத்தில்
புகை மாதிரி, ஒரு புளியங்கொட்டை அளவு.
தேடவே வேண்டியிருக்கவில்லை.
இனி அந்தப் படத்தில் வேறெதையும்
என்னால் முதலில் பார்க்க முடியாது.

அன்றும் என் கண் அதைக் கடந்து போயிருக்கும்.
கேட்டது கிடைத்ததும்
தேடல் கூலியை வாங்கிக்கொண்டு
வீட்டுக்குப் போய்விட்டது.
இல்லை, அன்று அது இவ்வளவு தெளிவாக இல்லையோ?
தெரிந்துவிட்டதால் தெரிகிறதோ?
இரவு பதினொன்றரைக்கு இதை யாரிடம் கேட்பது.

ஒரு காரியம் செய்தேன்.
பெயரை மறைத்து, தஞ்சாவூருக்கு, ஜபருல்லாவுக்கு அனுப்பினேன்.
'விழுந்த கேஸ். விலா பார்.'
நான்கு நிமிடத்தில் பதில்:
'ஆறாவது, இடது. நல்லா ஒளிஞ்சிருக்கு.'
பக்கத்தில் ஒரு கட்டைவிரல்.

அதே படத்தைக் காரைக்காலுக்கு, சுகிர்தாவுக்கு அனுப்பினேன்.
'ரொம்ப நாள் இருமல். பீடி.'
'வலது மேல. சி.டி. எடுத்தாச்சா?'
விலாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கொஞ்ச நேரம் எனக்கு நிம்மதியாக இருந்தது.
அந்த நிம்மதியை எழுதாமல் விட்டால்
இதுவும் ஒரு குறை ரிப்போர்ட்.

காலையில் எதிரே உட்கார்ந்திருந்தார்.
"போன தடவை நீங்கதாம்மா கண்டுபுடிச்சீங்க.
மத்தவங்க சதைப்பிடிப்புன்னு மாத்திரை குடுத்தாங்க.
அந்தம்மா கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு
வீட்ல சொல்லித்தான் வந்தேன்."

பிறகு, பையை மடியில் நகர்த்திக்கொண்டு,
"மேட்டூர்ல தொறந்துட்டாங்க.
ரெண்டு மூணு நாள்ல தலைப்புக்குத் தண்ணி வந்துரும்.
அதுக்குள்ள கரை நடந்து நண்டு வளை பாக்கணும்.
எதுவா இருந்தாலும் அது முடிச்சிட்டு வரட்டுங்களா?"

நான் பதில் சொல்லாமல்
திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
பழைய படம்.
எங்கள் திரையில் இடது வலதாக இருக்கும்,
வலது இடதாக.
யாரும் சொல்லித் தராமலே
அவர் விரல் நேரே அந்த விலாவுக்குப் போனது,
கண்ணாடியைத் தொடாமல்
ஒரு நூல் இடைவெளியில் நின்றது.
"இது கூடிடுச்சில்லம்மா?"

கூடிவிட்டது என்றேன்.
அது உண்மை.
அவர் சிரித்தார்; சிரிப்பு இருமலானது;
அது முடியும்வரை காத்திருந்தேன்.

மற்றபடி, என்று தொடங்கினேன்.